ஒழுங்கையின் உயரம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எந்த வளவு மேடு, எந்த வளவு பள்ளம் என்பதைக் கார்த்திகை மழைதான் சொல்லும். கோடையில் எல்லா முற்றமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். கொங்கிறீற் போட்ட ஒழுங்கை மேலே நிற்கும், அதன் இரு பக்கத்துப் பழைய வீடுகளின் முற்றங்கள் கீழே நிற்கும். ஒவ்வொரு முறை ஒழுங்கையைத் திருத்தும்போதும் பழையதைக் கிண்டி எடுக்காமல் அதன் மேலேயே கல்லும் கொங்கிறீற்றும் போடுகிறார்கள். ஒழுங்கை ஏற ஏற வீடு தாழ்கிறது. பிறகு வசதி உள்ளவர் தன் வளவுக்கு மண் போட்டு உயர்த்துகிறார். அவருடைய வெள்ளம் அடுத்த வளவுக்குப் போகிறது. அடுத்தவரும் மண் போடுகிறார். கடைசியில் எல்லார் வெள்ளமும் மண் போடக் காசில்லாத ஒரு வீட்டில் போய் நிற்கிறது. அந்த வீட்டில் பெரும்பாலும் வயதான ஒரு அம்மா தனியாக இருப்பார்.

அந்த அம்மாவுக்காக எழுதப்படும் மனு பிரதேச சபைக்குப் போகிறது. எங்கள் பக்கத்துச் சபைகளின் அன்றாட வேலையில் பெரும்பங்கு இப்படியான மனுக்கள்தான்: வெள்ளவாய்க்கால் தூர்ந்துவிட்டது, மதகு உடைந்துவிட்டது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை உழவு இயந்திரம் எங்கள் குச்சொழுங்கைக்குள் வருவதில்லை, வெளிநாட்டுக்காரரின் வளவு பற்றை பிடித்துப் பாம்பு வருகிறது, கட்டாக்காலி நாய் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கடித்துவிட்டது. இவற்றைச் சில்லறை விடயங்கள் என்று ஒதுக்கும் வழக்கம் எங்கள் எழுத்தில் உண்டு. சிறுபத்திரிகையில் இவற்றுக்கு இடமே கிடைப்பதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சமூகம் தன்னைத்தானே ஆளத் தெரிந்ததா என்று கேட்டால், நான் அந்த வெள்ளவாய்க்காலைத்தான் முதலில் பார்ப்பேன்.

முன்பு வளவுகளுக்கு இடையில் வேலி இருந்தது. கிளுவைக் கதியாலும் பனையோலையும் கட்டிய வேலி. ஆள் போகாது, ஆடு போகாது, தண்ணீர் போகும். மழை வெள்ளம் வளவுக்கு வளவு வேலியின் அடியால் ஊர்ந்து, தாழ்ந்த தரவையையோ குளத்தையோ போய்ச் சேரும். வழியெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் சேரும். போருக்குப் பிறகு, குறிப்பாகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில், வேலிகள் மதில்களாகிவிட்டன. மதில் கட்டுவது பாதுகாப்பு, கௌரவம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் ஆசை. ஆனால் அத்திவாரம் போட்டு எழுப்பிய மதில் தண்ணீரை விடாது. ஊர் முழுக்க மதில் எழும்பியபோது ஊரின் வடிகால் முறை ஒரு கட்டளையும் இல்லாமல், ஒரு வரைபடமும் இல்லாமல் அழிந்துபோனது. அப்படி ஒரு முறை இருந்தது என்பதே அது அழிந்த பிறகுதான் தெரிந்தது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. சுண்ணக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடித்தோம். அதே கல்லின் வெடிப்புகளுக்குள்தான் மலக்குழிகளின் கழிவும் இறங்குகிறது. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று காணி உடைந்து வீடும் மாடியும் எழும்பும்போது, கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் போதிய தூரம் எங்கிருந்து வரும்? உங்கள் வளவில் தூரம் விட்டாலும் பக்கத்து வளவுக் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில் இருக்கும். கொக்குவிலில் மருத்துவ பீடம் இருக்கிறது, தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, பக்கத்தில் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம். வாடகை அறைகளும் விடுதிகளும் பெருகியபடி இருக்கின்றன. வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டிவிட்டால் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வருகிறது என்று மகிழ்வது நியாயம்தான். ஆனாலும் கிணற்றைக் கைவிடும் ஊர் பிறகு தன் நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்கவும் மாட்டாது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்துக் கட்டட அனுமதி கொடுப்பது சபையின் பொறுப்பு. அந்த அனுமதி வெறும் முத்திரை குத்தலாகிவிட்டால் அதன் விளைவை எங்கள் பேரப்பிள்ளைகள் குடிப்பார்கள்.

சபை என்று சொல்கிறேன், அதன் எல்லை எது என்பதே பலருக்குத் தெளிவில்லை. கொக்குவில் நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோ யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லைக்குள் இருக்கிறது. நல்லூரின் பெயர் ஒரு சபைக்கு, நல்லூரின் கோயில் இன்னொரு சபைக்கு. வீதிகளின் கதை இதைவிடச் சிக்கலானது. கொக்குவிலை ஊடறுத்துப் போகும் காங்கேசன்துறை வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு (ஆர்.டி.ஏ.) உரியது. சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மீதியான உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பிரதேச சபைக்கு. புகையிரதப் பாதையின் இரு மருங்கும் புகையிரதத் திணைக்களத்தினது. குளங்கள் பலவற்றுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பொறுப்பு. மின்கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது, அதில் தொங்கும் விளக்கு பிரதேச சபையுடையது. ஒரு ஒழுங்கையின் வெள்ளம் குளத்தைப் போய்ச் சேர வேண்டுமானால் இத்தனை பேரின் எல்லையைக் கடக்க வேண்டும்.

“உது ஆர்.டி.ஏ.யின்ர றோட்டு ஐயா, நாங்கள் கை வைக்கேலாது” என்று சபை அலுவலகத்தில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. “அப்ப தண்ணி ஆற்ற?” என்று கேட்டுக்கொண்டு நிற்பவரின் கேள்வியும் உண்மை.

இங்கேதான் அதிகாரப் பரவலாக்கம் என்று நாங்கள் மேடையில் பேசுவது வாய்க்காலில் வந்து நிற்கிறது. வட மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்ந்தெடுத்த மாகாண சபை எங்களுக்கு இல்லை. மேலே ஆளுநர், கீழே பிரதேச சபை, இடையில் ஒரு வெற்றிடம். தமிழருடைய அரசியல் கோரிக்கை எவ்வளவு பெரியதோ, அந்தக் கோரிக்கையில் இன்று கையில் இருக்கும் பங்கு அவ்வளவு சிறியது. அந்தச் சிறிய பங்கின் பெயர்தான் பிரதேச சபை.

அதுவும் எளிதில் வந்ததில்லை. முன்பு ஊர்களுக்குக் கிராமச் சபைகள் இருந்தன. 1980ஆம் ஆண்டின் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு அவை ஒழிந்தன. அந்த மாவட்ட சபைக்கான தேர்தல் 1981 யூன் 4ஆம் திகதி நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஒரு உள்ளூராட்சித் தேர்தலின் நிழலில் எரிந்த நூலகம் அது என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பிறகு 1987இல் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை கொக்குவிலுக்குள் வந்தது. பிரம்படியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அகதிகள் தஞ்சமிருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியிலும் உயிர்கள் போயின. பிரம்படியில் இன்று நினைவுத்தூண் இருக்கிறது. எந்த ஊரின் ஒழுங்கைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாட்டின் பிற பகுதிகள் 1991இல் தங்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தபோது யாழ்ப்பாணம் போருக்குள் இருந்தது. எங்கள் முதல் பிரதேச சபைத் தேர்தல் 1998 சனவரியில் நடந்தது. அடுத்தது 2011இல். அதன் பிறகு 2018இல், கடைசியாக 2025 மே 6ஆம் திகதி. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டியிருந்த தேர்தலை, பணமில்லை என்று சொல்லி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிவைத்தார்கள். சட்டம் வந்து முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான்கு தேர்தல்கள். ஒரு சபையின் வழமையான ஆயுள் நான்கு ஆண்டு என்றால், அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஒழுங்கைகளுக்கு ஆணையாளரோ செயலாளரோதான் கையெழுத்து வைத்திருக்கிறார்.

சபைக் கதிரையில் இருந்தவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுடப்பட்டார். 1998இல் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்ரெம்பரில் நல்லூரில் இருந்த மாநகர சபைக் கட்டடத்தில் குண்டு வெடித்து இறந்தார். அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது நகரப் போக்குவரத்து ஒழுங்கு பற்றிய கூட்டம். எந்தச் சந்தியில் வாகனம் எப்படித் திரும்ப வேண்டும் என்று பேச உட்கார்ந்த மனிதர் அவர். துரோகி, தியாகி என்ற இரண்டு சொற்களுக்கு வெளியே, ஊர்வேலை செய்யப் போனவர் என்ற ஒரு வகை மனிதரும் உண்டு என்பதை நாங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

அண்மைக் காலத்திலும் அந்த நிழல் போய்விடவில்லை. 2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரால் கைதாகிப் பிணையில் வந்தார். வீதியில் குப்பை போடுவோரைப் பிடித்துத் தண்டம் விதிப்பதற்காக மாநகர சபை அமைத்த குழுவினரின் சீருடை, புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போல இருந்தது என்பது குற்றச்சாட்டு. கொழும்பு மாநகரக் குழுவின் சீருடையும் அதே சாயல்தான் என்று அவர் தரப்பு சொன்னது. குப்பை அள்ளும் வேலைகூட இங்கே தேசியப் பாதுகாப்பு ஆகிவிடும். இப்படிப்பட்ட நாட்டில் உள்ளூராட்சி செய்பவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் அவர்களைக் கேள்வியும் கேட்கிறேன்.

மாதாந்த அமர்வுகளின் செய்திகளை வாசித்துக்கொண்டு வருபவருக்கு ஒரு விடயம் புலப்படும். அஞ்சலிக்கும் கண்டனத்துக்கும் ஒருமனதான பிரேரணைக்கும் போகும் நேரம் போக மீதி நேரம்தான் வாய்க்காலுக்கு. அஞ்சலி வேண்டும். கண்டனமும் வேண்டும், எங்களுக்குப் பேசக் கிடைத்த மன்றங்கள் மிகக் குறைவு. ஆயினும் ஒரு கட்சி மற்றக் கட்சியின் தவிசாளரை வீழ்த்துவதற்காகப் பாதீட்டைத் தோற்கடிக்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை. பாதீடு இரண்டாவது தடவையும் தோற்றால் தலைவர் பதவியை இழக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றை எல்லாரும் பார்த்தோம். பாதீடு என்பது அடுத்த ஆண்டு எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு என்று சொல்லும் ஒரே கடதாசி. அதைக் கத்தியாக எடுத்தால் வெட்டுப்படுவது பள்ளத்து வீட்டு அம்மாதான்.

தேர்ந்தெடுத்த சபை இல்லாத காலத்திலும் வேலைகள் நடந்தனவே, செயலாளர் ஒருவரே போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சில வேலைகள் அப்போது விரைவாகவும் நடந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கொக்குவில் வெள்ளத்தின் இயல்பை அவர்கள் யோசிக்க வேண்டும். தண்ணீர் போக வேண்டிய வழியில் இன்று ஒரு மதில் நிற்கிறது. அந்த மதிலில் ஒரு துவாரம் விட வேண்டும், அல்லது வளவின் ஓரமாக இரண்டடி நிலம் வாய்க்காலுக்குக் கிடைக்க வேண்டும். வேலி வழக்குக்குப் பெயர்போன மண் இது. ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமை, எல்லையில் நின்று அடுத்தவன் காணிப் பக்கம் சாயும் மரத்தின் பலன் யாருக்கு என்றுகூடப் பேசுகிறது. அந்த மண்ணில் இரண்டடி நிலத்தை அதிகாரி ஒருவர் கேட்டால் கிடைக்காது. அவர் நாளைக்கு இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார், எதற்கு அந்த வம்பை இழுப்பார்? நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுகள் ஓடும். இரண்டு வீட்டாரையும் தெரிந்த ஒருவர், இரண்டு வீட்டு வாக்கையும் கேட்டு வந்த ஒருவர், “அண்ணை, இரண்டடி தாங்கோ, உங்கட பக்கத்து மதிலைச் சபை கட்டித் தரும்” என்று படலையில் நின்று கேட்டால் கிடைக்கக்கூடும். வட்டார உறுப்பினர் என்பவர் அதற்காகத்தான். அயலவர் இருவர் மதிலுக்கு மேலால் பேசித் தீர்க்க முடியாததைப் பேசித் தீர்க்க ஒரு பொது இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நான் சபை என்று சொல்கிறேன்.

இந்தப் பொதுப்பேச்சு கொக்குவிலுக்குப் புதிதில்லை. சுருட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே புகையிலை சுற்றுவார்கள், இடையில் வாதாடுவார்கள். யாழ்ப்பாணத்தில் உலக அரசியல் தொழிலாளரின் காதுக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. பிறகு சனசமூக நிலையங்கள் வந்தன. காலையில் பேப்பர், மாலையில் கரம், ஒரு மூலையில் ஊர்க்கூட்டம். அவை உள்ளூராட்சி மன்றங்களில் பதிந்து, பத்திரிகைக்கும் பராமரிப்புக்கும் அங்கிருந்து உதவி பெற்றவை. எழுத்தாளர் அ. முத்துலிங்கம் பிறந்து படித்த ஊர் கொக்குவில். அப்படிப்பட்ட ஊர்களில் வாசிப்பும் வாதமும் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. இன்று நிலையங்கள் பல பூட்டிக்கிடக்கின்றன. எல்லாரிடமும் கைபேசி இருக்கிறது. ஆனால் ஒரே ஒழுங்கைக்காரர் பத்துப் பேர் ஒன்றாக இருந்து, உன் வெள்ளம் என் வளவுக்கு வருகிறது என்று முகம் பார்த்துச் சொல்லும் இடம் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபையின் சொந்த வருமானத்தில் முக்கியமானது சோலைவரி. பூட்டிக்கிடக்கும் வீடுகளின் உரிமையாளர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் அவர்கள் அள்ளிக் கொடுப்பதை நன்றியோடு சொல்கிறேன். அந்தக் கொடையில் ஒரு சிறு பங்கு நிலுவைச் சோலைவரியாக வந்தால், மூடியில்லாத பாழ்கிணறுகளில் நுளம்பு பெருகுவதைத் தடுக்க முடியும். ஒவ்வொரு மழையோடும் டெங்கு வருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையைத் தட்டினால் திறக்க ஆளில்லாத வீடுகளே அவருக்குப் பெரிய தலையிடி. கோபுரத்தில் பெயர் பொறிக்கலாம், வாய்க்காலில் பொறிக்க முடியாது. அதனால் வாய்க்காலுக்குக் கொடையாளர் கிடைப்பதில்லை.

குப்பை அள்ளும் தொழிலாளரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. வெள்ளத்துக்குப் பின் வாய்க்காலுக்குள் இறங்குபவர்கள் அவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்தில் சுகாதாரத் தொழிலாளர்கள் பலமுறை வீதியில் இருந்து போராடியிருக்கிறார்கள். சாதியால் இந்த வேலைக்குத் தள்ளப்பட்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதிலேயே நிற்கின்றன. எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் பாத்திரம் எது என்பதை ஒவ்வொருவரும் தன் குசினியில் பார்த்துக்கொள்ளட்டும். உடைந்த போத்தலையும் பிள்ளைகளின் பம்பர்சையும் சோற்றுக் கழிவோடு ஒரே பையில் கட்டி வீசுகிறவருக்குத் தமிழர் சுயமரியாதையைப் பற்றிப் பேசும் தகுதி குறைவு.

2017இன் திருத்தத்துக்குப் பிறகு சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஆகியிருக்கிறது. வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவுபவரும், பாழ்கிணற்று நுளம்பு கடித்த பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுபவரும், இருட்டு ஒழுங்கையால் ரியூசன் முடிந்து வருகிற மகளுக்காகப் படலையில் காத்து நிற்பவரும் பெண்கள்தான். அவர்களைப் பட்டியல் நிரப்ப மட்டும் அழைத்த கட்சிகள், அமர்வில் அவர்கள் பேசும்போது கேட்கவும் பழக வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பிரதேச சபைகள் சட்டம் நான்கு வகைக் குழுக்களுக்கு இடம் வைத்திருக்கிறது: நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சூழலும் வசதிகளும். இந்தக் குழுக்களில் சபை உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஓய்வுபெற்ற பொறியியலாளர், நில அளவையாளர், ஆசிரியர், தாதி என்று கொக்குவிலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஒழுங்கைக்கு என்ன ஒதுக்கினார்கள், கூட்டறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். உங்கள் வட்டார உறுப்பினர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் அவரிடம் போங்கள். தொழில்நுட்பக் குழுவிலோ சூழல் குழுவிலோ இடம் கேளுங்கள். ஊரின் மட்டங்களை அளந்து, எந்த வெள்ளம் எந்தக் குளத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டுச் சபையின் மேசையில் வையுங்கள். அடுத்த ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட வரும்போது பழையதைக் கிண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். இதை மாசியிலும் பங்குனியிலும் செய்ய வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு வாய்க்கால் வெட்ட முடியாது.